உள்ளே இருப்பவர் ஏன் சும்மா இருக்கிறார்?

கார்களுக்குள் போகிற எலக்ட்ரானிக் போர்டுகளுக்கு ஈரமும் தூசியும் ஏறாமல் இருக்க ஒரு மெல்லிய அக்ரிலிக் பூச்சு அடிப்பார்கள். காய்ந்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் பூச்சு மருந்திலேயே ஒளிரும் பொருள் ஒன்றைக் கொஞ்சம் கலந்திருப்பார்கள். இருட்டுப் பெட்டிக்குள் போர்டை வைத்து யூவி விளக்கைப் போட்டால் பூச்சு விழுந்த இடமெல்லாம் நீலமாகத் தெரியும், விழாத இடம் கறுப்பாக நிற்கும். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் பக்கம் போகும் வழியில் ஒரு தொழிற்சாலையில் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை. கனெக்டர் முனையில் நீலம் இருக்கக்கூடாது. ஐசியின் கால்களுக்கு நடுவே நீலம் இல்லாமல் இருக்கக்கூடாது. நடுவில் குமிழி இருந்தால் ரீவொர்க்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் லைன் லீடர் அம்மா ஒன்று சொல்லிக்கொடுத்தார். நீலம் தெரிந்தால் பூச்சு அங்கே இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். அது போர்டைக் காப்பாற்றுகிறதா என்று விளக்கு சொல்லாது. அதற்கு போர்டை ஈரப்பத அறையில் வைத்து, மின்சாரம் ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் தனியாக உண்டு. இருக்கிறதா என்று பார்ப்பவள் நான், வேலை செய்கிறதா என்று பார்ப்பது வேறு ஆட்கள். இந்த வித்தியாசம் என் சாப்பாட்டுக்கு வழி செய்தது என்று மட்டும்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். என் அக்காவின் நோயும் அவள் கேட்ட ஒரு கேள்வியும் அதைக் கடவுள் வரைக்கும் கொண்டுபோய்விட்டன.

அக்காவுக்கு வாயில் புற்று, கன்னத்தின் உள்பக்கம். எங்கள் பக்கத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன அவள் வயதுப் பெண்கள் பலரும் வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொள்வார்கள். மதியம் வரைக்கும் பசி தெரியாது. நிலங்கள் சிப்காட்டுக்குப் போய், நடவு நின்று, அவள் ஒரு விடுதியில் பாத்திரம் தேய்க்கப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காரைப்பேட்டை அரசு மருத்துவமனையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அந்த இடத்துக்கு அறிஞர் அண்ணாவின் பெயர் வைத்திருப்பதை பஸ்ஸில் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். காஞ்சிபுரத்துக்காரரான அவரும் புற்றுநோயில் போனவர்தான். 1968 செப்டம்பரில் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு வந்தார், 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறில் இறந்தார். அந்த நியூயார்க் மருத்துவமனையின் பழைய வடிவத்தில் வேலை பார்த்த வில்லியம் கோலி என்ற டாக்டர்தான், 1891இல் புற்றுக்கட்டிக்குள் கிருமியை ஊசியால் செலுத்தி, உடம்பின் காவல் படை விழித்தெழுந்து கட்டியையும் சேர்த்துத் தாக்குமா என்று பார்க்கத் தொடங்கியவர். அண்ணா போன காலத்தில் அந்த எண்ணத்தைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தார்கள். அக்காவின் காலத்தில் அது மருந்தாக வந்துவிட்டது.

கதிர்வீச்சுக்குப் பிறகு நோய் திரும்பியபோது சென்னையில் ஒரு டாக்டர் நிவோலுமாப் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுக்கலாம் என்றார். முழு அளவில் அது எங்களைப் போன்றவர்கள் நினைத்தே பார்க்க முடியாத விலை. மும்பை டாடா மெமோரியல் டாக்டர்கள் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தலை, கழுத்துப் பகுதிப் புற்று முற்றியவர்களிடம் செய்த ஆய்வு அது. 2022இல் முடிவு வெளியானது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம். இந்த மருந்தும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். ஏழை நாட்டு டாக்டர்கள் ஏழைகளை மனதில் வைத்துக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் என்று அதை நான் நன்றியோடு நினைக்கிறேன். அக்கா இன்னும் கொஞ்ச காலம் எங்களோடு இருந்ததில் அந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு.

மருந்து தொடங்கிய சில வாரத்தில் கட்டி வீங்கியது. ஸ்கேனிலும் பெரிதாகவே தெரிந்தது. டாக்டர் சொன்னார்: நோய் வளர்ந்திருக்கலாம், அபூர்வமாக, காவல் அணுக்கள் கூட்டமாக உள்ளே புகுந்ததாலும் கட்டி பெரிதாகத் தெரியலாம், ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், பொறுத்துப் பார்ப்போம். அந்தப் பொறுத்திருந்த நாட்களில்தான் ஒரு சாயங்காலம் அக்கா கேட்டாள். நான் ஸ்ரீபெரும்புதூரில் உபன்யாசம் கேட்டுவிட்டு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். எல்லோருக்குள்ளும் அந்தர்யாமியாகப் பெருமாள் இருக்கிறார் என்று அன்று கேட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "உள்ளாறயே கீறாருன்னு சொல்றியே, அப்புறம் ஏன்டி சும்மா கீறாரு?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், ஆயிரம் வருஷமாகப் பண்டிதர்கள் வாதிட்ட விஷயத்தின் நடுமையத்தில் விரலை வைத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

அக்காவின் மகள் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். அன்று ராத்திரி அவள் தன் போனில் ஒரு காணொளி காட்டினாள். கேம்பிரிட்ஜில் ஜில்லியன் கிரிஃபித்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு 2015இல் வெளியிட்டது. கொல்லும் டி அணுக்கள் புற்றணுக்களின் மேல் ஊர்ந்து, தடவி, நின்று, விஷத்தை உள்ளே இறக்கிவிட்டு அடுத்ததை நோக்கி நகர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒளிரும் சாயம். அந்த அணு ஒன்றின் அகலம் சுமார் 10 மைக்ரான், தலைமயிரின் தடிமனில் ஒரு சிறு பங்கு. ஒரு டீஸ்பூன் ரத்தத்தில் ஏறக்குறைய 50 லட்சம் டி அணுக்கள் இருக்குமாம்.

"அப்ப அம்மா கட்டிக்குள்ள இது எத்தனை இருக்குன்னு பார்த்துட்டா தெரிஞ்சிடுமே?" என்றேன்.

"இருக்கிறது வேற சித்தி, வேலை செய்யறது வேற. நிறைய பேருக்கு கட்டி முழுக்க டி அணு நிக்கும். ஒண்ணும் செய்யாது."

லைன் லீடர் அம்மா சொன்னதையே வேறொரு வாயிலிருந்து கேட்டது போல இருந்தது. பிறகு அவள் விளக்கினாள். கொல்லும் அணு முதலில் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் எதிரியின் தோலில் துளை போடுகிறது. அந்த வழியாக கிரான்சைம் பி என்ற நொதி உள்ளே போய், அங்கிருக்கும் புரதங்களைக் குறிப்பிட்ட இடத்தில், அஸ்பார்டிக் அமிலம் வருகிற இடத்தின் பக்கத்தில், வெட்டுகிறது. அப்படி வெட்டுப்பட்ட அணு தானே தன்னை அழித்துக்கொள்கிறது. விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள் என்றால், அந்த நொதி வெட்ட விரும்பும் ஒரு சின்ன புரதத் துண்டை எடுத்து, அதோடு ஒரு சாயத்தைக் கட்டினார்கள். கட்டியிருக்கும் வரை சாயம் அணைந்திருக்கும். நொதி வந்து துண்டை வெட்டினால் சாயம் விடுபட்டு ஒளிரும். இதைத்தான் ப்ரோப் என்கிறார்கள். அணு சும்மா நின்றால் இருட்டுதான். அடி விழுந்த இடம் மட்டும் தெரியும்.

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்த நீலம் இருப்பைக் காட்டுகிற ஒளி. இவர்கள் செய்திருப்பது செயலைக் காட்டுகிற ஒளி.

இந்த ப்ரோப்கள் பெரும்பாலும் இன்னும் சோதனைச்சாலையிலும் எலிகளிலும், வெட்டியெடுத்த திசுக்களிலும்தான் வேலை செய்கின்றன. அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைப் பயன்படுத்தினாலும் சதைக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் தெளிவாகப் பார்ப்பது கஷ்டம். அமெரிக்காவில் 2021இல் சூலகப் புற்றுக்கும் 2024இல் மார்பகப் புற்றுக்கும் அறுவை நேரத்தில் பயன்படும் ஒளிர் மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. அவை காட்டுவது புற்று மிச்சம் இருக்கும் இடத்தை. காவல் அணு வேலை செய்கிறதா என்று நோயாளியின் உடம்பிலேயே பார்த்துச் சொல்லும் நிலை அக்காவுக்கு வாய்க்கவில்லை. வீங்கிய அந்தக் கட்டி போரா, தோல்வியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எதற்காக இப்படி ஒரு ப்ரோப் வேண்டும் என்று கேட்பவர்களை அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்க வேண்டும்.

ஒளியைப் பார்த்ததும் பெயர் வைத்துவிடக் கூடாது என்பதற்கு நம் ஊர்க்காரர்களின் கதை ஒன்று இருக்கிறது, அதையும் அக்கா மகளே சொன்னாள். 1923இல் கல்கத்தாவில் சி.வி. ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் சுத்தமான திரவங்களுக்குள் சூரிய ஒளியை அனுப்பியபோது மங்கலாக இன்னொரு ஒளியும் தெரிந்தது. ஏதோ அழுக்கிலிருந்து வரும் ஒளிர்வு என்று நினைத்து, திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். அது போகவில்லை. 1928 பிப்ரவரி 28 அன்று ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் அது ஒளிர்வே இல்லை, ஒளி சிதறும் புதிய விதம் என்று கண்டார்கள். ஐந்து வருஷம் அது தவறான பெயரோடு இருந்தது. அக்காவின் கட்டி சுருங்கத் தொடங்கி அவள் இட்லி சாப்பிட்ட வாரத்தில், உறவினர்கள் எல்லோரும் பெருமாள் கண் திறந்தார் என்றார்கள். அதற்கு முன்பு கட்டி வீங்கியபோது கைவிட்டார் என்று சொன்னவர்களும் அவர்களேதான். இரண்டு முறையும் மங்கலான ஒரு ஒளிக்கு அவசரமாகப் பெயர் வைத்தார்கள்.

ஏன் அந்த டி அணுக்கள் சும்மா நிற்கின்றன? இதற்கு விடை கிடைத்தபோதுதான் என் மனம் உபன்யாசத்துக்குத் திரும்பியது. டி அணுவின் மேல் பிடி-1 என்ற ஒரு புரதம் இருக்கிறது. ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் குழு 1992இல் கண்டுபிடித்தது. அதைத் தொட்டு அழுத்தினால் அணு அடங்கிவிடும். புற்றணு அதற்கேற்ற புரதத்தைத் தன் மேல் ஏந்திக்கொண்டு, வருகிற டி அணுவை எல்லாம் அழுத்தி அடக்குகிறது. நிவோலுமாப் அந்த அழுத்தத்தைத் தடுக்கிறது. அணுவுக்குப் புதிதாக எந்தச் சக்தியையும் மருந்து கொடுப்பதில்லை. சக்தி முன்பே இருந்தது, தடைபட்டிருந்தது. இதே போன்ற இன்னொரு தடையை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

எங்கள் உடையவர், ராமானுஜர், 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தவர். அவருடைய ஸ்ரீபாஷ்யத்தில், இரண்டாம் அத்தியாயத்தின் முதல் பாதத்தில், உடம்பு என்றால் என்ன என்று ஒரு விசாரணை வருகிறது. எந்தப் பொருளை ஓர் ஆத்மா தன் பயனுக்காகத் தாங்கவும் நடத்தவும் முடியுமோ, எது அந்த ஆத்மாவுக்காகவே இருக்கிறதோ, அது அதன் உடம்பு. உலகமும் உயிர்களும் பெருமாளுக்கு உடம்பு என்று அவர் சொல்வதற்கு இதுதான் அஸ்திவாரம். இங்கே ஒருவன் எதிர்க்கேள்வி கேட்கலாம்: வாதம் வந்து கை தூக்க முடியாதவனுக்கு அந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லையே, அது அவன் உடம்பு இல்லையா? உடையவர் அதையும் எடுத்துக்கொள்கிறார். நோயுற்ற உடம்பில் நடத்தும் சக்தி இல்லாமல் போகவில்லை, இருந்தும் தடைபட்டிருக்கிறது, நெருப்பின் சூடு ஏதோ ஒரு தடையால் வெளிப்படாமல் இருக்கலாம் அல்லவா, அதைப் போல என்கிறார். சம்ஸ்கிருதம் எனக்குத் தெரியாது. உபன்யாசகர் தமிழில் விளக்கியதைக் கேட்டவள் நான். ஆனால் அந்த இடம் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதை வைத்துக்கொண்டு, இம்யூனோதெரபியை எங்கள் ஆசாரியர் அன்றே சொல்லிவிட்டார் என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அவர் அணுக்களைப் பற்றிப் பேசவில்லை. அப்படிச் சொன்னால் அவரையும் சிறுமைப்படுத்துகிறோம், எலிகளோடும் சாயங்களோடும் ராப்பகல் உழைத்தவர்களையும் சிறுமைப்படுத்துகிறோம். அவர் சொன்னதில் எனக்கு வேண்டியது வேறு. செயல் தெரியாததை வைத்து சக்தி இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடாதே என்ற அந்த நியாயம். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

அக்காவைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். வயதானவர்கள் "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்றார்கள். எங்கள் கம்பெனியிலிருந்து வந்த சின்னப் பெண்கள் "நீங்க ஃபைட் பண்ணணும் ஆன்ட்டி, மனசு தைரியமா இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். இந்தப் பெண்கள் அன்போடு வந்தவர்கள், ஓவர்டைம் காசில் ஹார்லிக்ஸ் வாங்கி வந்தவர்கள். அவர்கள் சொன்னதும் கடைசியில் அக்காவின் தலையில்தான் விழுந்தது. மருந்து வேலை செய்யாமல் போனபோது அவள் என்னிடம், "எனக்குத் தைரியம் பத்தலையாடி?" என்று கேட்டாள். கிரான்சைமும் பெர்ஃபோரினும் அவள் தைரியத்தைக் கேட்டுக்கொண்டு வேலை செய்பவை இல்லை. மருத்துவமனைக்குப் போனாள், ஊசிக்குக் கையை நீட்டினாள், வாய் வெந்திருந்தும் கஞ்சியை விழுங்கினாள். மனுஷி செய்ய வேண்டியது அத்தனையும் செய்தாள். அதற்குக் கீழே நடந்த போர் அவள் விருப்பத்துக்கு எட்டாத இடத்தில் நடந்தது. அந்தக் காணொளியை முதலில் பார்த்தபோது அது எனக்கு ஓர் அதிசயமாக மட்டும் இருந்தது. இரண்டாவது தடவை, யாரையும் குற்றம் சொல்ல இடமில்லாத ஒரு காட்சியாக இருந்தது.

புகையிலை காரணம் என்பதை நான் மறைக்கவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும், அவள் மகளுக்கும் என் மகளுக்கும் தெரிய வேண்டும். ஆனால் பசி மறக்கப் புகையிலை அடக்கிய ஒருத்தியை, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாவி என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. கர்மம் என்று ஒன்று எங்கள் சித்தாந்தத்தில் இருக்கிறது, அதையும் நான் மறுக்கவில்லை. என்னைப் பற்றி நானே கேட்டுக்கொள்வதற்கு அது நல்ல கேள்வி. அடுத்தவள் மேல் ஒட்டுவதற்கான சீட்டாக அதை எந்த ஆசாரியரும் கொடுக்கவில்லை. உடையவர் நேரில் கண்டு சேவிக்க ஆசைப்பட்டு, அதற்குள் பரமபதித்துவிட்ட ஆசாரியர் ஆளவந்தாருக்கே ராஜபிளவை என்ற கட்டி வந்தது என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. அவருடைய சிஷ்யர் மாறனேரி நம்பி, தாழ்ந்த குலம் என்று ஊர் ஒதுக்கியவர், அந்த நோயைப் பிரசாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். மாறனேரி நம்பி காலமானபோது, ஆளவந்தாரின் இன்னொரு சிஷ்யரான பெரிய நம்பியே ஈமக்கடன் செய்தார், அதற்காக ஊரின் ஏச்சையும் வாங்கினார். இந்தக் கதையில் ஒரு இடத்திலாவது யாராவது ஆளவந்தாரைப் பார்த்து, நீர் என்ன பாவம் செய்தீர் என்று கேட்கிறார்களா? நோயை வாங்கிக்கொள்ள ஒருவர் வருகிறார். அவருக்குக் கொள்ளி வைக்க இன்னொருவர் வருகிறார். எங்கள் சம்பிரதாயம் நோயாளியிடம் நடந்துகொண்ட விதம் இது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அது நடந்தது காஞ்சிபுரத்திலேயே. பூவிருந்தவல்லியைச் சேர்ந்த திருக்கச்சி நம்பி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்துவந்தவர். அவரோடு பெருமாள் பேசுவார் என்பது நம்பிக்கை. இளவயதில் உடையவர் தன் மனதில் இருந்த சந்தேகங்களை வாய்விட்டுச் சொல்லாமலே, பெருமாளிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பியை அனுப்பினார். ஆறு வார்த்தைகள் பதிலாக வந்தன. அவற்றில் ஒன்று: சரணடைந்தவனுக்குச் சாகும் நேரத்தில் பெருமாளை நினைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்த வார்த்தையின் கனம் எனக்கு மாசி மாதத்தில் தெரிந்தது. மருந்து சில மாதங்களுக்குப் பிறகு பலனளிக்காமல் போய், அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். வலிக்கு மார்ஃபின். பெரும்பாலும் தூக்கம், விழித்தால் யாரையும் அடையாளம் தெரியாது. ஒரு பெரியம்மா அவள் காதில் குனிந்து "நாராயணான்னு சொல்லு, ஒரு தடவை சொல்லிடு" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். சொல்லாமல் போனால் கதி இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம் அந்தப் பெரியம்மாவுக்கு. வாயெல்லாம் புண்ணாக இருந்த ஒருத்தியிடம் அந்தக் கடைசித் தேர்வையும் வைத்தார்கள். நான் பெரியம்மாவைத் தோளைப் பிடித்து நிமிர்த்தி, திருக்கச்சி நம்பி கொண்டுவந்த வார்த்தையைச் சொன்னேன். கட்டையும் கல்லுமாகக் கிடக்கிற பக்தனை நான் நினைத்துக்கொள்கிறேன் என்று வராகப் பெருமாள் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பதையும் சொன்னேன். அவள் நினைக்க வேண்டாம், அவர் நினைப்பார். பெரியம்மா என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அக்காவின் உதட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் அக்காவை எதுவும் செய்யச் சொல்லவில்லை.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தாலும், அக்கா கேட்டதற்கு இது பதில் ஆகாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். அவள் கேட்டது பெருமாளைப் பற்றி. சக்தி இருந்தும் தடைபடும் என்று உடையவர் சொன்னது ஜீவனைப் பற்றி. ஈசுவரனுடைய சக்தியைத் தடுக்க எதுவும் இல்லை என்பதும் அதே பாஷ்யத்தின் தீர்ப்புதான். அப்படியானால் தடை என்ற விடை அவருக்குப் பொருந்தாது.

உபன்யாசகரிடம் இதைக் கேட்டேன். ஜீவன் முதலில் முயல்கிறான், பெருமாள் அனுமதிக்கிறார், கர்மத்துக்குத் தக்கபடி பலன் வருகிறது, அவர் பட்சபாதம் உள்ளவர் இல்லை என்று சாஸ்திரப்படி சொன்னார். சரியான பதில்தான். ஆனால் வாயில் புண்ணோடு படுத்திருக்கிறவளுக்குச் சொல்லக்கூடிய பதிலா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவங்களுக்குச் சொல்ல வேண்டாம்மா, கூட இரு" என்றார். சித்தாந்தத்தை விட அந்த மனிதரை அன்று எனக்கு அதிகம் பிடித்தது.

அக்கா மகளிடமும் பேசினேன். தடை என்றால் கெட்டது என்று நினைக்காதீர்கள் சித்தி என்றாள். பிடி-1 நம்மைக் காப்பாற்றவே இருக்கிறது. அது இல்லாவிட்டால் காவல் அணுக்கள் சொந்த உடம்பையே தின்றுவிடும். மருந்தால் அந்தத் தடையை எடுத்தவர்கள் சிலருக்குக் குடலும் தைராய்டும் நுரையீரலும் தாக்கப்படுவது அதனால்தான். புற்று அந்தக் காவலைத் திருடிப் பயன்படுத்துகிறது. ஆகவே அடங்கி நிற்பது என்பதற்குள்ளும் ஒரு தயவு இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அவர் சும்மா இருப்பதாக நமக்குத் தெரிவதிலும் அப்படி ஏதாவது இருக்குமோ என்று யோசித்தேன். யோசிக்கலாம். ஆனால் அதை அக்காவின் வலிக்கு விளக்கமாக வைக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. டி அணுவின் தடைக்கு ஒரு காரணம் உண்டு, அதைச் சோதித்துக் காட்ட முடியும். இதற்கு அப்படி எதுவும் என் கையில் இல்லை.

ப்ரோப்பில் எனக்கு இன்னமும் விடாமல் நினைவுக்கு வருவது, ஒளிர்வது எது என்பதுதான். ஒளிர்வது கொல்லும் அணுவும் இல்லை, சாகிற அணுவும் இல்லை. நடுவில் கட்டப்பட்டிருந்து, வெட்டுப்பட்டு, விடுபட்ட அந்தச் சாயத் துண்டு. செயலைச் செய்பவரை அது காட்டுவதில்லை. செயல் தன் மேல் பட்டதைத்தான் காட்டுகிறது. பெருமாள் செயல்படுகிறாரா என்று பார்க்க ஒரு ப்ரோப் இருந்தால் அதுவும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவரைத் தேடிக்கொண்டிருந்தால் இருட்டாகவே இருக்கும். கெஞ்சிக்கொண்டிருந்த பெரியம்மா பஞ்சை எடுத்தாளே, அந்த நிமிஷம் எனக்கு ஒன்று தெரிந்தது. அதற்குப் பெருமாள் என்று பெயர் வைக்க நான் அவசரப்படவில்லை. ராமநாதன் திரவத்தைச் சுத்தம் செய்துகொண்டே இருந்த மாதிரி, என் ஆசையையும் துக்கத்தையும் வடிகட்டி வடிகட்டிப் பார்க்கிறேன். அது இன்னும் போகவில்லை.

வருகிற சித்திரைத் திருவாதிரைக்கு ஸ்ரீபெரும்புதூர் போகிறேன். தானுகந்த திருமேனி என்று சொல்கிறார்களே, உடையவர் தானே தழுவித் தன் சக்தியை அதில் வைத்தார் என்று பெரியவர்கள் நம்பும் அந்தத் திருமேனியின் முன்னால் நின்று, அக்கா கேட்டதை அவள் பேச்சிலேயே, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் கேட்கப் போகிறேன். பண்டிதர்களின் எதிர்க்கேள்விகளுக்கெல்லாம் வரிவரியாக இடம் கொடுத்துப் பதில் எழுதியவர் அவர். அக்காவின் கேள்வியும் அந்த வரிசையில் நிற்கத் தகுதியுள்ளது.